கீழத்தெருவுக்கு நான் மின்சாரம் கொண்டுவந்த வரலாறு

கார்த்திகை 5, வெள்ளி

நேற்று இரவு புயல் அடித்தது. இதற்கு முன்னால் உலகத்தில் அடித்த புயல்களெல்லாம் இதற்கு ஒத்திகை. எங்கள் மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரை கிளம்பிப் போன வேகத்துக்கு, இந்நேரம் யாழ்ப்பாணத்தில் யாராவது அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். தென்னை மரங்கள் ஒன்று விடாமல் விழுந்து கும்பிட்டபடி கிடக்கின்றன. கீழத்தெருவின் மின்கம்பங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. கம்பிகள் தெரு முழுக்க, சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி.

டிவி இல்லை, ஃபேன் இல்லை, ஆகவே இலக்கியம். இது போன வருஷத்து டைரி. இங்கிலீஷ் தேதி கிழமையோடு பொருந்தாது என்பதால் தமிழ்த் தேதி போடுகிறேன்.

வருங்காலம் இதைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதால் அரண்மனை விவரம்: நான் வைரக்கண்ணு, பட்டுக்கோட்டை ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டர். என் விசிலுக்கு அசையாத வண்டி கிடையாது, கல்யாணம் என்கிற ஒரு வண்டியைத் தவிர. அக்கா மங்கையர்க்கரசி இந்த வீட்டின் சர்வாதிகாரி. அவள் மகள் தேன்மொழி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். நான்காவதாக, புயலுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய ஒரு ஜீவன். முழ நீளம். இன்னும் பெயர் வைக்கவில்லை. அழுதால் ஒன்பது ஊருக்குக் கேட்கும். இவரை மகாராணி என்று குறிப்பிடுவேன். எனக்கு இவரிடம் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் கிடையாது.

கார்த்திகை 6, சனி

மோட்டார் ஓடாததால் ஐயனார் கோயில் அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்தேன். காவிரியைக் கர்நாடகத்திலிருந்து தோளில் தூக்கி வந்தவன்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டான். மிக்சி இல்லாததால் அம்மியில் மிளகாய் அரைத்தேன். மகாராணியின் துணிகளை அலசிப் போட்டேன். அவர் ஒரு நாளைக்கு ஒரு ஜவுளிக்கடையை நனைக்கிறார்.

புயலுக்குப் பிறகு காற்று செத்துவிட்டது. ஒரே புழுக்கம். கொசுக்கள் ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி அளவுக்கு வருகின்றன. மத்தியானம் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக விசிறிக்கொண்டிருந்தேன். மிச்சக் காற்று தொட்டிலுக்குப் போயிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

போனை டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏற்றி, வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி, கையை வானத்துக்கு நீட்டினால் ஒரு கோடு சிக்னல். எங்கள் தெருமுனையிலேயே ஒரு செல்போன் டவர் நிற்கிறது. புயலுக்குப் பிறகு அது காக்கைகளுக்கான மாளிகை.

திருச்சியிலிருந்து சம்மந்தி சிங்காரவேலு கூப்பிட்டார். தேன்மொழியின் மாமனார், பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் எஞ்சினுக்குச் சம்மட்டி அடிப்பது போல இருக்கும்.

"கரண்டு வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு சம்மந்தி."

"பச்சப்புள்ள, கொசுக்கடி, ஃபேன் இல்ல. இதெல்லாம் சரிப்பட்டு வராது. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வீட்லயும் காரெடுத்துட்டு வர்றோம். கரண்டு இருந்தா பாத்துட்டுத் திரும்பிடறோம். இல்லேன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறோம்."

"தலைப்பிரசவம்ங்க. அஞ்சு மாசம் தாய்வீட்ல இருக்கறது முறை இல்லீங்களா?"

"முறை எனக்கும் தெரியும். கொசுவுக்குத் தெரியுமா?"

லைன் அறுந்துவிட்டது.

இந்தச் செய்தி என்னைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை. நடந்து வரும்போது எங்கள் வீட்டைத் தாண்டி ஐயனார் கோயில் வரைக்கும் போய்விட்டேன். வீடு புயலில் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்.

கார்த்திகை 8, திங்கள்

கம்பம் நட வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் லாரி லாரியாக வந்திருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தெருவில் முதலில் இறங்குவது என்பதை எந்த அதிகாரியும் தீர்மானிப்பதில்லை. குழம்பு வாசனை தீர்மானிக்கிறது. ஊருக்கு ஊர் பந்தல் போட்டு, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். மேலத்தெருப் பந்தலை நடத்தும் கோவிந்தசாமி ஆட்டுக்குட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான் என்று கேள்வி.

கீழத்தெருவின் விருந்தோம்பல் துறையை நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. இந்த மாதிரிப் பதவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாகத் தெருவைச் சுத்தம் செய்தேன். பூவரச மரத்தடியில் லுங்கி கட்டிய ஐந்தாறு பேர், உடம்பெல்லாம் சேறு, தலையில் துண்டு, பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். விழுந்த தென்னைகளை வெட்ட வந்த கூட்டம் என்று பார்த்ததும் தெரிந்தது. பக்குவமாகச் சொன்னேன்: "இங்க மரம் வெட்டற வேலை இல்லைப்பா. மேலத்தெருவுல நிறைய கெடக்கு, அங்க போங்க. இந்த எடத்துல கரண்டுக்காரங்க வண்டி நிக்கணும்." ஒருத்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இன்னொருத்தன் அவனைத் தட்டிக் கூட்டிப்போனான். நல்ல பிள்ளைகள், மறுபேச்சுப் பேசவில்லை.

சாயங்காலம் வந்தார்கள் பாருங்கள். மஞ்சள் தொப்பி, பளபளக்கும் சட்டை, ஏணி கட்டிய வண்டி, பெரிய பெரிய ரீல். தர்மபுரிப் பக்கத்துப் பையன்கள். தலைவன் பெயர் மாதப்பன். வண்டிக்கு முன்னால் போய்க் குறுக்கே படுக்காத குறைதான்.

"சாப்பிட்டுத்தான் போகணும்."

"வேலை இந்தத் தெருவுலதாண்ணா" என்றான் மாதப்பன்.

என் வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக எதையும் ஜெயித்ததில்லை.

கார்த்திகை 9, செவ்வாய்

சேவல் போயிற்று. விடியற்காலையில் ஊரையே எழுப்பும் எங்கள் சேவல், அம்மியில் அரைத்த மசாலாவில் வீரமரணம் அடைந்தது. மாதப்பன் இரண்டாம் முறை குழம்பு கேட்டான். மூன்றாம் முறை கேட்காமலே ஊற்றினேன்.

"யாருடா இவங்க, எந்த ஆபீசுலேர்ந்து வந்திருக்காங்கன்னு கேட்டியா?" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

இலையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் நீ யார், என்ன உத்தியோகம் என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு கேட்கலாம். ஆனால் எழுந்ததும் அவர்கள் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். அவ்வளவு கடமையுணர்ச்சி. "வேலை எப்பத் தம்பி முடியும்?" என்று மட்டும் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் முடிந்துவிடும் என்றான்.

சனிக்கு அடுத்தது ஞாயிறு. மகாராணியின் தொட்டிலுக்கு நேர் மேலே இருக்கும் ஃபேனை ஏணி போட்டுத் துடைத்து வைத்தேன். சுத்தம் எனக்குப் பிடிக்கும்.

கார்த்திகை 10, புதன்

இன்று தெருவோரமாகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். நீளமான பள்ளம். அதில் ஆரஞ்சு நிறக் குழாய் இறக்குகிறார்கள். தெரு கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏன் வைரம், கம்பத்தையே காணுமே?" என்றார் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர்.

எனக்கும் அந்த நிமிஷம் கொஞ்சம் திக்கென்றது. ஆனால் முப்பது வருஷம் பஸ்ஸில் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்காவது நான் தெரியாது என்று சொன்னதுண்டா?

"கம்பத்துக்கெல்லாம் இனிமே வேலை இல்ல. சிங்கப்பூர்ல எங்கயாவது கம்பம் பாத்திருக்கீங்களா? எல்லாம் பூமிக்கடியில. இனிமே நம்ம தெரு கரண்டைப் பூகம்பம் வந்தாத்தான் தொட முடியும். மேலத்தெரு இன்னும் கம்பத்தைக் கட்டிக்கிட்டு அழுவுது. பாவம்."

அவர் சிங்கப்பூர் போனதில்லை. நானும் போனதில்லை. இருவரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

இரண்டு கோழி.

கார்த்திகை 11, வியாழன்

வலது தோள்பட்டையில் கடும் வலி. அம்மி அரைத்ததால். வேறு காரணம் இல்லை.

கார்த்திகை 12, வெள்ளி

தேன்மொழி கட்டிலில் பையை வைத்துக் குழந்தைத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, எதுக்கு இப்ப?"

"ஞாயித்துக்கிழமை அவசரத்துல எதையாவது விட்டுடுவேன் மாமா. இப்பயே எடுத்து வச்சுட்டா நிம்மதி."

"கரண்டுதான் நாளைக்கு வரப்போவுதே."

"வந்தா திரும்ப எடுத்து மாட்டிக்கலாம்."

ஒரு சின்னச் சட்டையை மடியில் வைத்து நீவினாள். "அவரு இன்னும் இவளை ஒழுங்காப் பாக்கவே இல்ல மாமா. ஆஸ்பத்திரியில நர்ஸ் எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதுவும் கண்ணை மூடிக்கிட்டு."

அவள் வீட்டுக்காரன் இளங்கோ மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். பாலத்துச் சிக்னலில் குரலே பாதிதான் போகும், முகமா போகும்?

அக்கா வந்து பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?"

"கண்ணுல தூசி. ஃபேன் தொடச்சேன்ல."

"அது செவ்வாக்கெழமை."

செவ்வாய்க்கிழமைத் தூசி சில சமயம் வெள்ளிக்கிழமைதான் வெளியே வரும். இந்த அளவுக்கு விஞ்ஞானம் அக்காவுக்குத் தெரியாது.

பெட்டைக் கோழிகளில் இனி ஒன்றுதான் பாக்கி. அது என்னைக் கண்டாலே வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடுகிறது.

கார்த்திகை 13, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சரித்திரம் பொய்த்துவிடக் கூடாது.

சாயங்காலம் பள்ளத்தை மூடினார்கள். தெரு முழுக்கத் திரண்டிருந்தது. வீட்டுக்கு வீடு எல்லா ஸ்விட்சையும் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். அக்கா கற்பூரத் தட்டோடு நின்றாள். தேன்மொழி மகாராணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில். நான் ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். கரிகாலன் கல்லணை கட்டியதில் தொடங்கி, இடையில் வேறு யாரும் குறிப்பிடும்படியாக எதுவும் செய்யாததால், நேராக என்னிடம் வந்தேன்.

மாதப்பன் யாருக்கோ போன் செய்து, "ஆன் பண்ணுண்ணா" என்றான். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தான். "வந்துருச்சு."

எங்கும் இருட்டிக்கொண்டுதான் இருந்தது.

"எங்கய்யா வந்துச்சு?"

"போனை எடுத்துப் பாருண்ணா. சிக்னல் ஃபுல்லா இருக்கும்."

"போன் கெடக்கட்டும் தம்பி. லைட்டு?"

"லைட்டா? அது கரண்டு ஆபீசுக்காரங்க வேலையாச்சேண்ணா. நாங்க டவருக்குக் கேபிள் போடறவங்க. டவர் ஜெனரேட்டர்ல ஓடுது." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "நீங்க எங்களைக் கரண்டு ஆளுங்கன்னா நெனச்சீங்க? வழியெல்லாம் எல்லா ஊர்லயும் சோறு போட்டாங்க. நாங்களும் இந்தப் பக்கத்து வழக்கம்னு நெனச்சோம்."

சரியாக அந்த நேரத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலத்தெரு ஒரே வெளிச்சமாக எரிந்தது. அங்கே போட்ட கூச்சல் அடங்கிய பிறகு கோவிந்தசாமியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது:

"வைரக்கண்ணூ, நாமக்கல் ஆளுங்களை இங்க அனுப்பி வச்சதுக்கு ரொம்ப நன்றிப்பா. மரம் வெட்டறவங்கன்னு சொன்னியாமே."

சேறும் லுங்கியுமாகப் பூவரச மரத்தடியில் புளிச்சோறு தின்றவர்கள்தான் மின்வாரியம்.

கற்பூரம் அணைந்தது. தெரு என்னைப் பற்றிச் சொன்ன கருத்துகளை எழுதினால் இந்த டைரி நாறிவிடும். மளிகைக்கடைக்காரர், "சிங்கப்பூர்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எனக்கு முதலில் சோறு போட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது. தேன்மொழி உள்ளே போய்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகக் கேட்டது என்று தெரியவில்லை.

கார்த்திகை 14, ஞாயிறு

காலையிலேயே வைக்கோல்போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மிஞ்சிய கோழி ஏற்கெனவே அங்கே இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா வந்து கோழியை விட்டுவிட்டு என்னைப் பிடித்து இழுத்துப் போனாள்.

கார் வந்து நின்றது. சம்மந்தி சிங்காரவேலு இறங்கி உள்ளே வந்தார். முதலில் ஃபேனைப் பார்த்தார், அப்புறம்தான் எங்களை.

"கரண்டு?"

"மேலத்தெரு வரைக்கும் வந்துருச்சுங்க. அங்கேர்ந்து நடந்து வந்துக்கிட்டிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி அன்னபூரணி அம்மாள் நேராகக் குழந்தையிடம் போய், "எல்லாம் எடுத்து வச்சிட்டியாம்மா?" என்றாள். தேன்மொழி பையைக் காட்டினாள். அவ்வளவுதான். எனக்கு வேலை எதுவும் இல்லாததால் விசிறியை எடுத்து எனக்கு விசிறிக்கொண்டேன். தொட்டில் வழக்கம் போலக் குறுக்கே இருந்தது.

அப்போது சம்மந்தியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். "இங்க சிக்னல் இருக்கா? இளங்கோதான். வீடியோவுல வர்றான்."

போனில் அவன் முகம் துடைத்து வைத்த மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. "கெளம்பிட்டீங்களாப்பா? பாப்பா எங்க?"

சம்மந்தி போனை என்னிடம் நீட்டினார். தொட்டில்மேல் பிடித்தேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் விசிறி.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க. உங்க காதுதான் தெரியுது."

தள்ளினேன். மகாராணி கண்ணைத் திறந்தார். உதட்டைக் குவித்தார். பெரிய கொட்டாவி ஒன்றை மஸ்கட்டுக்கு அனுப்பினார். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அறுந்துவிட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவன் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அங்கே தூசி போலிருக்கிறது.

"கையை விரிச்சுக் காட்டுங்க மாமா. வெரலைப் பாக்கணும்."

ஒவ்வொரு விரலாகக் காட்டினேன். காட்டக் காட்ட, இது யார் ஜாடை, அது யார் ஜாடை என்று அவன் பேசிக்கொண்டே போனான். கடைசியில் போனைத் தேன்மொழியிடம் கொடுக்கச் சொன்னான். அவள் போனோடு உள்ளறைக்குப் போனாள்.

சம்மந்தி நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். சம்மட்டிக் குரல் இறங்கியிருந்தது.

"கரண்டு என்னங்க கரண்டு. நான் பொறந்தது சிமினி வெளக்குல. பொழுது விடிஞ்சா பொழுது போனா இவன் போன்ல உயிரை எடுக்கறான். எல்லாரும் பாக்கறீங்க, நான் மட்டும் பாக்கலைங்கறான். அங்கன்னா வீடியோ வரும், கூட்டிட்டு வாங்கங்கறான். பெத்தவன் இல்லையா? அதை வெளிய சொல்லிக் கேக்க நல்லா இல்லேன்னுதான் கொசு மேல போட்டேன்."

அக்கா காப்பியை வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "வழி பூரா சிக்னல் இல்ல. உங்க தெருவுல மட்டும் எப்படி?" என்றார்.

வாசலில் நின்ற பாதித் தெருவும் என்னைத்தான் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"எந் தம்பிதாங்க. வேலைக்காரங்களைக் கையைப் பிடிச்சு இழுத்தாந்து, வாரம் பூரா கோழியடிச்சுப் போட்டு, இங்கயே இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போவ வச்சான்."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இந்த வித்தையை அக்கா எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்த எனக்கு வரவில்லை.

தேன்மொழி போனைக் கொண்டுவந்து மாமனாரிடம் கொடுத்தாள். இளங்கோ அவரிடம், "அப்பா, அங்கயே இருக்கட்டும்ப்பா. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை காட்டினாப் போதும்" என்றான்.

அன்னபூரணி அம்மாளுக்கு மனசு வரவில்லை. "அது சரி, இந்தக் கொசுவுல..."

"அத்தை, கரண்டு போனதுலேர்ந்து இவ மேல ஒரு கொசு ஒக்காந்ததில்ல. மாமா எங்க விட்டாரு? விசிறிக்கிட்டே தூங்குவாரு, தூங்கிக்கிட்டே விசிறுவாரு."

இதை நான் பதிவுக்காக மறுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் மிகைப்படுத்திப் பேசும் வியாதி உண்டு.

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குப் போய்ப் பையின் ஜிப்பைத் திறந்து, குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். நெடுநேரம் கழுவ வேண்டியிருந்தது.

கார்த்திகை 15, திங்கள்

தெருவில் இருக்கிற வளைகுடாக் குடும்பங்கள் அத்தனையும் காலையிலிருந்து போனும் கையுமாகத் திரிகின்றன. துபாய், தோஹா, குவைத் எல்லாம் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டன. ஆனால் இட்லி மாவு அரைக்க முடியாத கோபம் யாருக்கும் தீரவில்லை. என்னோடு யாரும் பேசுவதில்லை.

கார்த்திகை 16, செவ்வாய்

நாமக்கல் ஆட்கள் கீழத்தெருவுக்கு வந்தார்கள். அதே லுங்கி, அதே சேறு. மூத்தவர் நல்லுசாமி என்னைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"மரம் வெட்ட வந்திருக்கோமுங்க. வண்டியை எங்க நிறுத்தறதுங்க?"

எனக்கு நன்றாக வேண்டும். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். உள்ளே ஓடி, "அக்கா, கோழி?" என்றேன்.

"மிச்சமிருக்கறது முட்டைக்கு. இனிமே அறுக்கணும்னா உன்னைத்தான் அறுக்கணும்."

முட்டைக் குழம்பு வைத்தாள். மனுஷர்கள் அதையும் விருந்தாகவே சாப்பிட்டார்கள்.

பகல் முழுக்கக் கம்பம் ஏறியது, கம்பி ஏறியது. பொழுது சாயும் நேரத்துக்கு நல்லுசாமி டிரான்ஸ்பார்மர் அருகே நின்று, "போட்டுடலாமுங்களா?" என்றார். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான் வீட்டுக்குள்ளிருந்து விசிறியோடு ஓடி வந்தேன்.

"ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கணும்."

"எதுக்குங்க?"

"இப்பத்தான் கண்ணை மூடினா. கரண்டு வந்தா இந்தத் தெரு போடற கூச்சல்ல முழிச்சுக்குவா."

தெரு என்னை என்ன செய்ய நினைத்தது என்பதை ஊகித்துக்கொள்ளவும். மளிகைக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்தே விட்டார். நல்லுசாமிதான் அவரைக் கையமர்த்தினார். "பச்சைக் கொழந்தைங்களா? சரி, எந்திரிக்கட்டும்" என்று மதகுக் கட்டையில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

மகாராணி எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இதில் என் பங்கு எதுவும் இல்லை. கை அதுபாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது.